முதல் டொமைன் கன்ட்ரோலர் போய்விட்டது, பழைய இமேஜைப் போட்டு எழுப்பலாமா?

தனியாள்_அட்மின் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் அவசரம். நீளமாக இருந்தாலும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஆபீசில் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (யூசர்களையும் லாகினையும் கவனிக்கும் சர்வர்கள், சுருக்கமாக டிசி), இரண்டும் விண்டோஸ் சர்வர் 2016. டிசி1 தனி மெஷின், டொமைன் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. டிசி2 ஒரு விர்ச்சுவல் மெஷின், ஒன்றரை வருடத்துக்கு முன்பு நான்தான் சேர்த்தேன். டிசி1-இல் மூன்று டிஸ்க் போட்ட ரெய்டு 5. அதில் ஒன்று எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது, நேற்று மாலை இரண்டாவதும் போய்விட்டது. அவ்வளவுதான், முழு அரேயும் போச்சு. ஐந்து எஃப்எஸ்எம்ஓ ரோல்களும் (ஒரே ஒரு டிசி மட்டும் செய்யும் சிறப்பு வேலைகள்) அதில்தான் இருந்தன, மெஷின்களுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபியும் அதில்தான்.

இன்று காலை ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருந்தவர்கள் ஒரு மாதிரி வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், புதிதாக லாகின் செய்பவர்களில் பலருக்கு கேச்சில் இருக்கும் பாஸ்வேர்டு மட்டும்தான் எடுக்கிறது, ஃபைல் சர்வருக்குப் போனால் திறக்கவில்லை. டிசி2 உயிரோடுதான் இருக்கிறது, நான் அதில் லாகின் செய்ய முடிகிறது, ஆனால் யூசர்களைப் பார்க்கும் கன்சோலைத் திறந்தால் டொமைனைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. அது ஏன் என்றே எனக்குப் புரியவில்லை.

பேக்கப் நிலைமை: டிசி1-இன் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டொமைன் டேட்டாபேஸ், ரெஜிஸ்ட்ரி போன்றவை) ஒன்று இருக்கிறது, ஏழு மாதம் பழையது. அப்புறம் நான்கு மாதத்துக்கு முன்பு எடுத்த முழு டிஸ்க் இமேஜ் ஒன்று இருக்கிறது. வேறு ஒரு மெஷின் காலியாக இருக்கிறது, அதில் இந்த இமேஜைப் போட்டு ஆன் செய்தால் நான்கு மாத மாற்றங்களை டிசி2-இலிருந்து அதுவே இழுத்துக்கொள்ளும் அல்லவா? இல்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டுமா? புதிதாக என்றால் அதே பெயர், அதே ஐபி கொடுக்கலாமா?

கேபிள்_கணேசன் எழுதியது:

இமேஜைப் போடுங்கள். நான் இரண்டு தடவை இப்படிச் செய்திருக்கிறேன், டிசி எழுந்தது, பத்து நிமிடத்தில் ரெப்ளிகேஷன் (டிசிகள் ஒன்றுக்கொன்று மாற்றங்களை அனுப்புவது) ஓடியது, எந்தப் பிரச்சினையும் வரவில்லை. ஆபீசே நிற்கும்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது?

வேர்முடிச்சு எழுதியது:

தயவுசெய்து அந்த இமேஜை நெட்வொர்க்கில் வைத்து ஆன் செய்யாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

கணேசன், உங்களுக்குப் பிரச்சினை வராததற்குக் காரணம் இருக்கும். நீங்கள் திருப்பியது விர்ச்சுவல் மெஷினாக இருந்திருக்கும், சர்வர் 2012 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்திருக்கும். 2012-இலிருந்து ஹைப்பர்வைசர் ஒரு அடையாள எண்ணை மெஷினுக்குக் கொடுக்கிறது, பழைய நிலைக்குத் திருப்பினால் அந்த எண் மாறும், டிசி அதைப் பார்த்து "நான் பின்னோக்கி வந்திருக்கிறேன்" என்று புரிந்துகொண்டு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். தனி மெஷினின் இமேஜில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வொரு டிசியும் தன்னிடம் நடக்கும் மாற்றங்களுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டே போகும், அதுதான் யூஎஸ்என். பக்கத்து டிசி "உன்னிடமிருந்து 5,00,000 வரை வாங்கிவிட்டேன்" என்று குறித்து வைத்திருக்கும். நான்கு மாதப் பழைய இமேஜ் எழுந்தால் அது 4,20,000-இல் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் நீங்கள் புதிதாக ஒரு யூசரைச் சேர்த்தால் அதற்கு 4,20,001 என்று எண் போடும். டிசி2 அதைப் பார்த்து, இது ஏற்கெனவே வாங்கியதுதானே என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எந்த எர்ரரும் வராமல் இரண்டும் தனித்தனி உலகமாகப் பிரிந்துகொண்டே போகும். விண்டோஸ் கண்டுபிடித்துவிட்டால் ஈவென்ட் 2095 போட்டு, லாகின் கோரிக்கைகளைக் கவனிக்கும் நெட்லாகன் சர்வீஸை நிறுத்தி, ரெப்ளிகேஷனையும் இரண்டு பக்கமும் அடைத்துவிடும், கண்டுபிடிக்காவிட்டால் அதைவிட மோசம். ஆர்ஐடி விஷயமும் இருக்கிறது, அதாவது ஒவ்வொரு யூசரின் அடையாளமான எஸ்ஐடியின் கடைசி எண். பழைய இமேஜில் இருக்கும் ஆர்ஐடி எண்களை டிசி1 ஏற்கெனவே யாருக்கோ கொடுத்திருக்கும், மறுபடி அதே எண்களைக் கொடுத்தால் இரண்டு பேருக்கு ஒரே எஸ்ஐடி. ஒருவருடைய ஃபோல்டர் இன்னொருவருக்குத் திறக்கும்.

ஏழு மாத சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் முறையாக எடுத்ததுதான், முறையாகத் திருப்பினால் இந்த யூஎஸ்என் சிக்கலும் வராது. ஆனால் காலம் கடந்துவிட்டது. டூம்ஸ்டோன் ஆயுள், அதாவது நீக்கியதற்கான அடையாளத்தை வைத்திருக்கும் காலம், பெரும்பாலான ஃபாரஸ்ட்களில் (டொமைன்களின் தொகுப்பு) 180 நாள் (2003 எஸ்பி1-க்கு முன்பு தொடங்கிய பழைய ஃபாரஸ்ட் என்றால் 60 நாளாகவே இருக்கும்). ஏழு மாதம் என்றால் 210 நாள். இடையில் நீங்கள் நீக்கிய யூசர்களும் கம்ப்யூட்டர்களும் அதில் இன்னும் உயிரோடு இருக்கும், அவற்றை நீக்கியதற்கான அடையாளம் டிசி2-இல் துடைக்கப்பட்டிருக்கும்.

ஆக, உங்கள் டொமைன் இப்போது முழுவதும் டிசி2-இல்தான் இருக்கிறது. டிசி1-ஐப் பற்றிய கவலையைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு டிசி2-ஐப் பாருங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன்பு டிசி2-இன் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் ஒன்று எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம் இந்த மூன்றின் விவரம் வேண்டும்: ரெப்அட்மின் ஷோரெப்ல் கமாண்ட் கடைசியாக எப்போது ரெப்ளிகேஷன் வெற்றி என்று காட்டுகிறது, நெட் ஷேர் கமாண்ட் கொடுத்தால் சிஸ்வால் (பாலிசி ஃபைல்களும் லாகின் ஸ்கிரிப்ட்களும் இருக்கும் ஃபோல்டர்), நெட்லாகன் இரண்டும் தெரிகின்றனவா, சிஸ்வாலை டிசிகளுக்கிடையே நகலெடுக்கும் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனின் (டிஎஃப்எஸ்ஆர்) ஈவென்ட் லாகில் என்ன இருக்கிறது. கன்சோல் திறக்கவில்லை என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் டிசி1-ஐப் பார்ப்பதாலும் அப்படி வரும், டிசி2 தன்னை டிசி என்றே அறிவிக்காததாலும் வரும். டிசி2-இன் நெட்வொர்க் செட்டிங்கில் முதல் டிஎன்எஸ் என்று டிசி1 இருந்தால் அதை இப்போதே மாற்றிவிடுங்கள்.

இரவுக்காவல் எழுதியது:

டிஎச்சிபி பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். லீஸ் (ஒரு ஐபியை வைத்துக்கொள்ளக் கொடுத்த காலம்) முடிய முடிய மெஷின்கள் ஒவ்வொன்றாக ஐபி இல்லாமல் விழும், அதற்குள் டிசி2-இலோ வேறு சர்வரிலோ டிஎச்சிபி போட்டு, டிஎன்எஸ் என்று டிசி2-இன் ஐபியைக் கொடுங்கள். பழைய லீஸ் பட்டியல் போய்விட்டதால் யாரிடம் எந்த ஐபி இருக்கிறது என்று புதிய டிஎச்சிபிக்குத் தெரியாது, கான்ஃப்ளிக்ட் டிடெக்ஷனை 1 அல்லது 2 என்று வைத்தால் கொடுப்பதற்கு முன்பு பிங் செய்து பார்க்கும். பிரிண்டர்களுக்கு ரிசர்வேஷன் வைத்திருந்தீர்கள் என்றால் அதை மறுபடி கையால்தான் போட வேண்டும்.

கெர்பரோஸ் டிக்கெட்டுக்கு (லாகின் செய்ததும் டிசி தரும் அனுமதிச் சீட்டு) வழக்கமான ஆயுள் 10 மணி நேரம். காலையில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கும் மாலைக்குள் ஃபைல் சர்வர் நின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தனியாள்_அட்மின் எழுதியது:

வேர்முடிச்சு, உங்களுக்கு மிக்க நன்றி, இமேஜை ஏற்கெனவே காலி மெஷினில் இறக்க ஆரம்பித்திருந்தேன், உங்கள் பதிலைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

பேக்கப் எடுத்துவிட்டேன். ரெப்அட்மின் நேற்று மாலை வரை வெற்றி என்று காட்டுகிறது, எர்ரர் எதுவும் இல்லை. டிசி2-இன் முதல் டிஎன்எஸ் டிசி1-ஆகத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன், ஆனாலும் கன்சோல் திறக்கவில்லை. நெட் ஷேரில் சிஸ்வாலும் இல்லை, நெட்லாகனும் இல்லை. ஃபோல்டரைப் போய்ப் பார்த்தால் பாலிசிஸ் என்று எதுவுமே உள்ளே இல்லை. ஈவென்ட் லாகில் பின்னால் போய்ப் போய்ப் பார்த்தேன், நான் டிசி2-ஐச் சேர்த்த நாளில் 4614 ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு டிஎஃப்எஸ்ஆர் எச்சரிக்கைகள்தான்.

ஒன்றரை வருடமாக இது வேலையே செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமா? எல்லா பாலிசியும் போய்விட்டதா?

வேர்முடிச்சு எழுதியது:

ஆமாம், அதுதான் அர்த்தம், ஆனால் பதற வேண்டாம், யூசர்கள், பாஸ்வேர்டுகள், குரூப்கள் எல்லாம் டிசி2-இல் நேற்று மாலை வரை சரியாக இருக்கின்றன. அது வேறு பாதையில் ரெப்ளிகேட் ஆகிறது, சிஸ்வால் ஃபைல்கள் வேறு பாதையில். 4614 என்றால் "முதல் ஒத்திசைவுக்காகக் காத்திருக்கிறேன்" என்று பொருள், அது முடிந்தால் 4604 வர வேண்டும். உங்களுக்கு அது வரவே இல்லை. அது முடியாதவரை சிஸ்வாலை ஷேர் செய்யாது, சிஸ்வால் ஷேர் ஆகாதவரை அந்த மெஷின் தன்னை டிசி என்று வெளியே சொல்லாது. அதனால்தான் உங்கள் கன்சோல் அப்படிச் சொன்னது, அதனால்தான் லாகின் நடக்கவில்லை. டிசி1 இருந்தவரை எல்லாருக்கும் அதுவே பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டிசியைச் சோதிக்கும் டிசிடயாக் கமாண்டை ஓட்டியிருந்தால் அட்வர்டைசிங் டெஸ்டிலேயே மாட்டியிருக்கும்.

இப்போதுதான் உங்கள் நான்கு மாத இமேஜுக்கு வேலை வருகிறது. அதை பூட் செய்யாமல் வெறும் டிஸ்காக மவுன்ட் செய்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்வால், அதற்குள் டொமைன், அங்கே இருக்கும் பாலிசிஸ், ஸ்கிரிப்ட்ஸ் இரண்டையும் எடுங்கள். டிசி2-இல் டிஎஃப்எஸ்ஆர் சர்வீஸை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் ரோபோகாப்பியால் பெர்மிஷனோடு வையுங்கள். ஒரே டொமைன் என்பதால் எஸ்ஐடி எல்லாம் பொருந்தும்.

பிறகு டிசி2-ஐ அதிகாரபூர்வமான பிரதி என்று அறிவிக்க வேண்டும். ஏடிஎஸ்ஐ எடிட்டில் டிசி2 என்று சர்வர் பெயரை நேரடியாகக் கொடுத்துத் திறங்கள் (டொமைன் பெயர் கொடுத்தால் திறக்காது). டிசி2-இன் கம்ப்யூட்டர் ஆப்ஜெக்டுக்குக் கீழே டிஎஃப்எஸ்ஆர் லோக்கல் செட்டிங்ஸ், அதில் சிஸ்வால் சப்ஸ்கிரிப்ஷன். அங்கே எம்எஸ்டிஎஃப்எஸ்ஆர்-எனேபிள்டு என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், எம்எஸ்டிஎஃப்எஸ்ஆர்-ஆப்ஷன்ஸ் என்பதில் 1 போடுங்கள். சர்வீஸை ஆரம்பித்தால் 4114 வரும். வந்த பிறகு எனேபிள்டை ட்ரூ ஆக்கி, டிஎஃப்எஸ்ஆர்டயாக் போல்ஏடி கொடுங்கள். 4602 வர வேண்டும். அது வந்தால் நெட் ஷேரைப் பாருங்கள், இரண்டும் வந்திருக்கும், ஆபீசும் லாகின் ஆகத் தொடங்கும்.

கடைசி நான்கு மாதத்தில் மாற்றிய பாலிசிகள் மட்டும் பழையதாக இருக்கும், ஏடியில் (டொமைன் டேட்டாபேஸ்) இருக்கும் வெர்ஷன் எண்ணுக்கும் ஃபைலில் இருக்கும் எண்ணுக்கும் பொருந்தாது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, விட்டுப்போன மாற்றத்தைத் திரும்பச் செய்து சேமியுங்கள். புதிதாக உருவாக்கியவற்றுக்கு ஃபோல்டரே இருக்காது, அவற்றை நீக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். இமேஜ் மவுன்ட் ஆகாமல் போனால் சொல்லுங்கள், டிசிஜிபிஓஃபிக்ஸ் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, 31பி2எஃப்340 என்றும் 6ஏசி1786சி என்றும் தொடங்கும் இரண்டு டீஃபால்ட் பாலிசிகளையும் அது வெறுமையாகத் திரும்ப உருவாக்கும். ஆனால் அது கடைசி வழி, நீங்கள் அவற்றில் வைத்திருந்த பாஸ்வேர்டு விதிகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும்.

ரோல்களைக் கைப்பற்றுவது இதற்குப் பிறகு. என்டிடிஎஸ்யூட்டிலில் சீஸ் கொடுத்தால் முதலில் ஒழுங்காக மாற்றித் தரக் கேட்டுப் பார்க்கும், பதில் வராதபோது எடுத்துக்கொள்ளும். ஐந்தையும் எடுங்கள். அதன் பிறகு பழைய டிசி1 எந்த வடிவத்திலும் நெட்வொர்க்குக்குத் திரும்பக் கூடாது, டிஸ்கை யாராவது மீட்டுக் கொடுத்தாலும்கூட. அடுத்து யூசர்ஸ் கன்சோலில் டொமைன் கன்ட்ரோலர்ஸ் ஓயூவில் டிசி1-ஐ நீக்குங்கள், நிரந்தரமாக ஆஃப்லைன் என்ற பெட்டியை டிக் செய்தால் சர்வர் 2008-இலும் அதற்குப் பிறகும் வந்த கன்சோல் மெட்டாடேட்டாவையும் சேர்த்துத் துடைக்கும். சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் டிசி1-இன் பெயர் மிச்சம் இருக்கும், அதையும் நீக்குங்கள். டிஎன்எஸில் எம்எஸ்டிசிஎஸ் சோனுக்குள் எஸ்ஆர்வி ரெக்கார்டுகள், நேம் சர்வர் பட்டியல், ஜியூஐடி பெயரில் இருக்கும் சிநேம் (மாற்றுப் பெயர்) எல்லாவற்றையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். இந்தத் துடைப்பு முடியும்வரை டிசி2-ஐ ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், ரோல்களை வைத்திருக்கும் டிசி எழும்போது கூட்டாளியிடம் ஒரு தடவை ஒத்திசைக்கப் பார்க்கும், இல்லாத டிசி1-க்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

நேரமும் முக்கியம். ஐந்து ரோல்களில் ஒன்றான பிடிசி எமுலேட்டர் இப்போது டிசி2, அதாவது எல்லாருக்கும் கடிகாரமும் அதுதான். வெளி என்டிபி சர்வரைக் கொடுத்துவிட்டு, ஹைப்பர்வைசரின் நேர ஒத்திசைவை அந்த மெஷினுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் யாரையும் விடாது.

கேபிள்_கணேசன் எழுதியது:

வேர்முடிச்சு சொன்னது சரி. போய்ப் பார்த்தேன், நான் செய்த இரண்டுமே விர்ச்சுவல் மெஷின்கள்தான், சர்வர் 2012 ஆர்2. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னியுங்கள்.

ஒரு கேள்வி, டிசி1-இல் சர்டிபிகேட் சர்வீஸ் ஏதாவது இருந்ததா? பழைய முதல் சர்வர்களில் இதைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

தனியாள்_அட்மின் எழுதியது:

4114 வந்தது, 4602 வந்தது, நெட் ஷேரில் இரண்டும் தெரிகின்றன! கடைசி வரியைப் பார்த்தபோது கை நடுங்கியது. எல்லாரும் லாகின் செய்துவிட்டார்கள், ஃபைல் சர்வர் திறக்கிறது. ரோல்கள் ஐந்தும் டிசி2-இல். டிசி1-இன் நேம் சர்வர் ரெக்கார்டு மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டேன்.

கணேசன், ஆமாம், சர்டிபிகேட் அத்தாரிட்டி அதில்தான் இருந்தது, வைஃபைக்கு அதிலிருந்துதான் சர்டிபிகேட் போகிறது. இப்போது வைஃபை ஓடுகிறதே, அதனால் அதை நான் யோசிக்கவே இல்லை.

கேபிள்_கணேசன் எழுதியது:

இன்று ஓடும், கொஞ்ச நாளில் நின்றுவிடும். ரத்துப் பட்டியலைச் சர்டிபிகேட் அத்தாரிட்டிதான் வெளியிட வேண்டும், மாற்றாமல் விட்டிருந்தால் முதன்மைப் பட்டியல் வாரத்துக்கு ஒருமுறை, டெல்டா (இடையில் வந்த மாற்றங்கள் மட்டும்) தினமும். அது காலாவதியானதும், சர்டிபிகேட் ரத்தானதா என்று பார்த்து வைஃபைக்கு அனுமதி தரும் ரேடியஸ் சர்வர் எல்லாரையும் மறுத்துவிடும்.

உங்கள் இமேஜுக்கு இரண்டாவது வேலை இதுதான். இதற்கு அதை பூட் செய்யத்தான் வேண்டும், ஆனால் நெட்வொர்க் கேபிள் எதுவும் செருகாமல். விர்ச்சுவல் மெஷினாக்கினால் நெட்வொர்க் அடாப்டரையே நீக்கிவிட்டு ஆன் செய்யுங்கள். நான்கு மாதத்துக்கு முன்பு இருந்த அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், எழுவதற்கு நேரமும் எடுக்கும். உள்ளே போய் சர்டிபிகேட் அத்தாரிட்டியின் சர்டிபிகேட்டை பிரைவேட் கீயோடும், டேட்டாபேஸையும், அதன் ரெஜிஸ்ட்ரி பகுதியையும் பேக்கப் எடுத்து, ஒரு டிஸ்கில் போட்டு வெளியே கொண்டுவந்துவிட்டு அந்த மெஷினை அழித்துவிடுங்கள். டிசி அல்லாத ஒரு தனி சர்வரில், பழைய அத்தாரிட்டி பெயரையே கொடுத்து அந்த கீயோடு நிறுவுங்கள். மெஷின் பெயர் மாறுவதால் ரெஜிஸ்ட்ரியைத் திரும்ப ஏற்றும்போது சர்வர் பெயர் இருக்கும் வரியை மாற்ற மறக்க வேண்டாம். நான்கு மாதத்தில் கொடுத்த சர்டிபிகேட்கள் அந்த டேட்டாபேஸில் இருக்காது, ஆனால் அவை செல்லும்.

டிசியிலேயே மறுபடி போடாதீர்கள். சர்டிபிகேட் ரோல் இருக்கும் டிசியைப் பின்னால் டிமோட் செய்யவே முடியாது, முதலில் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

தனியாள்_அட்மின் எழுதியது:

மூன்று நாள் கழித்து வந்து எழுதுகிறேன். கீ கிடைத்துவிட்டது, புதிய சர்வரிலிருந்து ரத்துப் பட்டியலை வெளியிட்டேன், வைஃபை நிற்கவில்லை.

புதிய டிசியும் கட்டிவிட்டேன். பெயர் டிசி3 என்று புதிதாகவே வைத்தேன், ஐபி மட்டும் பழைய டிசி1-உடையது, ஏனென்றால் கையால் டிஎன்எஸ் போட்ட கருவிகள் நிறைய இருக்கின்றன. இந்தத் தடவை ப்ரொமோட் ஆனதோடு விட்டுவிடாமல் லாகைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், 4614 வந்து கொஞ்ச நேரத்தில் 4604-உம் வந்தது, பாலிசிஸ் ஃபோல்டரைத் திறந்து இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றுதானா என்றும் பார்த்தேன். இரண்டு டிசிக்கும் தினசரி சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் வைத்திருக்கிறேன்.

ஒன்று மிச்சம். ஸ்கேனர்கள் மூன்றிலும் விபிஎன் பெட்டியிலும் எல்டாப் (யூசர் விவரங்களை டிசியிடம் கேட்கும் முறை) சர்வர் என்று டிசி1-இன் பெயரே எழுதியிருக்கிறது. டிஎன்எஸில் டிசி1 என்ற பெயரை டிசி3-க்கு சிநேமாக வைத்துவிடலாமா?

வேர்முடிச்சு எழுதியது:

ஸ்கேனர்களுக்கு ஓடும், அவை என்கிரிப்ஷன் இல்லாமல் 389 போர்ட்டில் போனால். விபிஎன் பெட்டி என்கிரிப்ஷனோடு 636 போர்ட்டில் போகிறது என்றால் சர்டிபிகேட்டில் டிசி1 என்ற பெயர் இல்லாததால் மறுக்கும். நான்கு கருவிகள்தானே, ஒவ்வொன்றாகப் போய் மாற்றிவிடுங்கள். ஸ்கேனர்களில் சர்வர் பெயருக்குப் பதில் டொமைன் பெயரையே கொடுங்கள், அது இருக்கும் எந்த டிசிக்கும் போகும், அடுத்த தடவை ஒரு டிசியை மாற்றும்போது அவற்றைத் தொட வேண்டியிருக்காது. விபிஎன் பெட்டியில் முதல் சர்வர் டிசி3, இரண்டாவது டிசி2 என்று இரண்டையும் எழுதிவிட்டு, டிசி3-ஐ ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து லாகின் ஆகிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.